லொறிக்கு மானிகள் பொருத்துதல்

மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறியின் எந்திரம் இடைவழியில் பழுதுற்றால் திருத்தச் செலவோடு விளைபொருளும் வீணாகும். பல லொறிகளில் எண்ணெய் அமுக்கக் குறைவை அறிவிப்பது ஒரு சிவப்பு விளக்கு மாத்திரமே. அமுக்கம் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலுக்குக் கீழ் இறங்கிய பின்னரே அது எரியும். மானியோ குறைவு தொடங்கும்போதே காட்டும்.

தெரிவு செய்தல்

எண்ணெய் அமுக்கமானியும் நீர் வெப்பமானியும் முதலில் வேண்டப்படுவன. குழாய் வகை அமுக்கமானிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆயின் குழாய் வெடித்தால் சூடான எண்ணெய் சாரதியின் பக்கம் பீறிடும். மின் வகையில் மானியும் அதன் உணரியும் ஒன்றுக்கொன்று பொருந்துவனவாயிருத்தல் வேண்டும்.

பொருத்துதல்

1. எந்திரம் ஆறிய பின் பற்றறிக் கம்பியைக் கழற்றுக.
2. விளக்கின் ஆளியை நீக்காது, மும்முனை இணைப்பின் மூலம் அமுக்கமானியையும் சேர்த்துப் பொருத்துக.
3. குழாயோ கம்பியோ தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் இறப்பர் வளையம் இடுக.
4. குழாய் வகை வெப்பமானியின் நுண்குழாயை வெட்டவோ நெரிக்கவோ கூடாது. மிகுதியை அகன்ற சுருளாக்கிக் கட்டுக.
5. எந்திரத்தை இயக்கிக் கசிவு உண்டோவெனப் பார்க்க.

கவனிக்க வேண்டியவை

எந்திரம் நல்ல நிலையிலிருக்கும்போது முட்கள் நிற்கும் இடங்களைக் குறித்து வைத்தல் நன்று. அவை மாறுவதே முதல் எச்சரிக்கையாகும். நீர் முற்றாக ஒழுகிவிட்டால் வெப்பமானியின் குமிழ் நீரில் படாது; எந்திரம் மிகச் சூடேறியும் முள் தாழ்ந்து நிற்கக்கூடும். ஆகையால் மானி உள்ள லொறியிலும் நாள்தோறும் காலையில் எண்ணெயையும் நீரையும் பார்த்தல் இன்றியமையாதது.