விமானப் பயணத்தின் தூரமும் நேரமும்

மாணவர்களே, கட்டுநாயக்காவிலிருந்து அதிகாலை 1.00 மணிக்குப் புறப்பட்ட விமானம் சிங்கப்பூரை அங்குள்ள நேரப்படி காலை 7.30க்கு அடைந்தது. பயண நேரம் யாது? போன தவணை எங்கள் வகுப்பில் அரைவாசிப் பேர் ஆறரை மணித்தியாலம் என்று எழுதினார்கள். கழித்தலில் பிழை இல்லை, ஆனால் புள்ளியும் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் நமக்குக் கிட்டிய, இலகுவான பயணம் ஒன்று. பலாலியிலுள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் விமான சேவை தொடங்கியது. கொரோனாவால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பித்தது. பலாலி ஏறத்தாழ வ. அகலக்கோடு 9.8°இலும் சென்னை விமான நிலையம் 13.0°இலும் உள்ளன. இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருப்பதால் தூரத்தைக் காண்பது சுலபம். அகலக்கோடு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ.

தூரம் = 3.2 × 111 = 355 கி.மீ. (கிட்டத்தட்ட)

இச்சேவையில் பறக்கும் ஏ.ரி.ஆர். 72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. கதியில் செல்லக்கூடியது. அப்படியானால் 43 நிமிடம் போதும். ஆனால் அட்டவணையில் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், இறங்குதல் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே சராசரிக் கதி மணிக்கு 284 கி.மீ. மாத்திரமே.

இலங்கை, இந்தியா இரண்டினதும் நியம நேரம் கி. நெடுங்கோடு 82½°இற்குரியது. எனவே இப்பயணத்தில் கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை. (இக்கோடு இலங்கைத் தரையைத் தொடுவதே இல்லை, கிழக்கே கடலில் செல்கிறது.)

இனிச் சிங்கப்பூர். கொழும்பு ஏறத்தாழ கி. 80°, சிங்கப்பூர் 104°. வித்தியாசம் 24°. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பதால் 1 மணி 36 நிமிடம் என்று எழுதிவிடாதீர்கள்! அது அவ்விடங்களின் உள்ளூர் நேர வித்தியாசம். விமான அட்டவணை நியம நேரத்தில் எழுதப்படுவது. 1982 முதல் சிங்கப்பூர் பின்பற்றுவது 120° கிழக்கிற்குரிய நேரத்தை.

120 − 82½ = 37½°
37½ × 4 = 150 நிமிடம் = 2½ மணித்தியாலம்

காலை 7.30 சிங்கப்பூர் நேரம் என்பது நமக்கு அதிகாலை 5.00 மணி. ஆகவே பயண நேரம் 4 மணித்தியாலம். தூரம் ஏறத்தாழ 2,740 கி.மீ., சராசரிக் கதி மணிக்கு 685 கி.மீ.

நியம நேரம் சூரியன் தருவதன்று, மனிதர் தீர்மானிப்பது. இது நம் வன்னிக்குப் புதிதல்ல. மின்சாரத்தைச் சேமிக்க 1996 மே மாதம் இலங்கையில் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலோ பழைய நேரமே தொடர்ந்தது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, ஓமந்தை தாண்டி வவுனியா செல்வோர் அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே ஏ-9 வீதி, ஒரே நெடுங்கோடு, இரண்டு நேரம். வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பயிற்சி: சிங்கப்பூரில் இரவு 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் 4 மணித்தியாலம் பறந்து கட்டுநாயக்காவை அடைகிறது. அதில் வரும் மாமாவை அழைத்துவர நீங்கள் எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும்?

(விடை: அதே நாள் இரவு 11.30)