பழைய வண்டியும் புகைச் சான்றிதழும்

நமது சங்க உறுப்பினர்களில் பலரிடம் இருப்பது புது வண்டி அல்ல. கடைச் சரக்கு எடுத்துவர ஒரு பழைய ஆம்னி, இல்லையேல் ஓர் அம்பாசிடர், மொத்த வியாபாரிகளிடம் ஒரு டாடா 407. எஞ்சின் நன்றாக இழுக்கிறது, எஃப்.சி.யும் இருக்கிறது, ஆனால் புகைப் பரிசோதனைக்குப் போனால் "பெயில்" என்று சீட்டு வருகிறது. உடனே, வண்டியைக் காட்டாமலே சான்றிதழ் கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்தக் காகிதத்துக்குக் கொடுக்கும் பணத்தை வண்டிக்குச் செலவழித்தால் பெட்ரோலிலேயே பாதி திரும்பி வந்துவிடும்.

முதலில் சட்டம். வண்டி பதிவாகி ஓராண்டு முடிந்ததும் புகைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். பி.எஸ்.4-க்கு முந்தைய வண்டிகளுக்கு அது 6 மாதம்தான் செல்லும், பி.எஸ்.4 முதல் 12 மாதம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, மாசு விதியை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை என்றும், 3 மாதம் வரை சிறையும் உண்டு என்றும் ஆனது.

இரண்டாவது, பழைய வண்டிக்குப் பழைய அளவுகோல்தான். பி.எஸ்.2-க்கு முந்தைய பெட்ரோல் காருக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 100-க்கு 3 பங்கு வரையிலும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1500 பங்கு வரையிலும் அனுமதி. பி.எஸ்.2, 3 வண்டிகளுக்கு இது 0.5, 750 என்று குறைகிறது. பி.எஸ்.4-க்கு 0.3, 200. ஆகவே பரிசோதிப்பவர் கணினியில் எந்த வகை என்று பதிகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பு மாதம், வருடத்தைக் காட்டுங்கள். வகை தவறிப் பதிந்தால் நல்ல வண்டியும் தோற்கும்.

கார்புரேட்டர் வண்டியில் மெக்கானிக் முதலில் கைவைப்பது ஐடில் மிக்ஸ்சர் திருகில். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஏர் பில்டர் அடைத்திருந்தால் காற்று குறைந்து, பெட்ரோல் மிகுந்து, மோனாக்சைடு ஏறும். சோக் கேபிள் முழுதும் திரும்பாமல் நின்றாலும் இதே கதைதான். கார்புரேட்டரில் ஊசி வால்வு தேய்ந்து பெட்ரோல் வழிந்தால், திருகை எவ்வளவு திருப்பினாலும் பயன் இல்லை. இவற்றைச் சரிசெய்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையாக இருந்தால் ஆயில் எரிகிறது. இளம் பழுப்பாக இருந்தால் சரி. பிளக், பாயிண்ட், டைமிங், வால்வு இடைவெளி நான்கும் ஒழுங்கானபின், எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில், புகைக் கருவியை மாட்டி வைத்துக்கொண்டே மிக்ஸ்சரை அமைக்க வேண்டும். காதால் கேட்டு அமைப்பவர்கள் உண்டு, கருவிதான் நம்பிக்கை. மோனாக்சைடைக் குறைக்கிறேன் என்று பெட்ரோலை அளவுக்கு மீறிக் குறைத்தால், எஞ்சின் தட்டுத் தடுமாறி எரியாத பெட்ரோலாகவே வெளியே தள்ளும், ஹைட்ரோகார்பன் ஏறிவிடும். ஒன்றில் தேறி மற்றதில் தோற்ற சீட்டு வந்தால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

ஆயில் பழையதாக இருந்தால் பரிசோதனைக்கு முன் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கலந்த ஆயிலின் ஆவி மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே போகிறது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியானால் (நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 முதலே இது வந்துவிட்டது) அது சூடேறினால்தான் வேலை செய்யும். கடைவாசலிலிருந்து பக்கத்துத் தெருவுக்கு ஓட்டிப்போய்க் காட்டாமல், 20 நிமிடம் ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நில்லுங்கள்.

டீசல் வண்டிக்கு முறை வேறு. சுமை இல்லாமல் ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தி, வரும் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பி.எஸ்.4-க்கு முந்தையதற்கு ஹார்ட்ரிட்ஜ் அளவில் 65 வரை, பி.எஸ்.4-க்கு 50 வரை. கரும்புகைக்கு நான் கண்டவரை முதல் காரணம் பம்பு செட்டிங். மேட்டில் இழுக்கவில்லை என்று டிரைவர் சொல்வார். மெக்கானிக் பம்பில் டீசலைக் கூட்டி வைத்துவிடுவார். இழுவை கொஞ்சம் கூடும், டீசல் செலவு நிறையக் கூடும், புகையும் கூடும். ஓனருக்குத் தெரியவே தெரியாது. பம்பு கடையில் பெஞ்சில் வைத்துப் பழைய அளவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், நாசில்களையும் சோதித்துவிடுங்கள். மார்க்கெட் தெருவில் மெதுவாகவே ஓடும் வண்டியின் சைலன்சரில் கரி சேர்ந்திருக்கும். பரிசோதனை நாளில் பைபாஸ் ரோட்டில் ஓர் ஓட்டம் ஓட்டி வந்தால் அது வெளியேறிவிடும். நீலப்புகை வந்தால் ரிங், வால்வு சீல் தேய்ந்திருக்கும். அதற்கு எந்தத் திருகும் மருந்தாகாது.

சைலன்சரில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று கலந்து கணக்கு குறைவாகக் காட்டும். சிலர் இதையே வழியாகச் சொல்கிறார்கள். நம்மிடம் வேலை செய்யும் பையன்களை நினைத்துப் பாருங்கள். மழைநாளில் ஷட்டரைப் பாதி இறக்கி, ஆம்னியைக் குடோனுக்குள் பின்னால் விட்டு, எஞ்சினை ஓடவிட்டே மூட்டை இறக்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது. மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. சட்டம் அனுமதிக்கும் 3 பங்கே மூடிய அறையில் சில நிமிடங்களில் ஆளை மயக்கிக் கொல்லப் போதும். தலைவலி, வாந்தி என்று பையன் சொன்னால், வெயிலில் அலைந்ததால் என்று எண்ணாமல் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். குடோனுக்குள் வண்டி வந்ததும் சாவி கல்லாவுக்கு வர வேண்டும் என்பது எங்கள் மண்டியில் கட்டளை.

ஒவ்வொரு முறையும் சீட்டில் உள்ள எண்களை டீசல் கணக்கு நோட்டிலேயே எழுதி வையுங்கள். 1.8 ஆக இருந்தது அடுத்த முறை 2.6 என்றால், தேறிவிட்டது என்று விட்டுவிடாமல் அந்த வாரமே பில்டரையும் பிளக்கையும் பார்க்கச் சொல்லலாம். சான்றிதழ் முடிவதற்குப் பத்து நாள் முன்னதாகப் போனால், தோற்றாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.