குருதியில் கூடும் கல்சியம்

எலும்புக்குப் பலம் தருவது கல்சியம் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அதே கல்சியம் குருதியில் அளவுக்கு மீறினால் உயிருக்கே ஆபத்தாகும். புற்றுநோயாளர் சிலருக்கு இது நேர்கிறது.

உடலிலுள்ள கல்சியத்தில் ஏறத்தாழ 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. குருதியில் 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் மட்டுமே உண்டு. கழுத்தில், தைரொயிட் சுரப்பியின் பின்னால் உள்ள நான்கு சிறிய பராதைரொயிட் சுரப்பிகளே இந்த அளவைக் காக்கின்றன. கல்சியம் குறைந்தால் அவை ஓமோனைச் சுரந்து எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கச் செய்யும். கூடினால் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். உயர்தர உயிரியலில் நான் படிக்கும் எதிர்ப் பின்னூட்டலுக்கு இது நல்ல உதாரணம்.

சில புற்றுக்கட்டிகள் அந்த ஓமோனைப் போன்றே வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. கட்டியும் ஓமோன் சுரக்கலாம் என்று அமெரிக்க வைத்தியர் புல்லர் ஓல்பிரைட் 1941இல் கருதினார். 1987இல் அப்புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. கல்சியம் கூடியதும் பராதைரொயிட் அடங்கிவிடும், கட்டியோ அடங்காது. எலும்பு கரைந்துகொண்டே போகும். சிறுநீரகமும் கல்சியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைக்கும்.

நுரையீரல், மார்பகம், சிறுநீரகம், வாய் ஆகியவற்றின் புற்றுநோய்களில் இந்நிலை வரலாம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சப்புவது அதற்கு முக்கிய காரணம். சுண்ணாம்பிலும் கல்சியம் இருப்பதால், அதுதான் குருதியில் ஏறுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே கூடுவது பெரும்பாலும் நோயாளியின் சொந்த எலும்பிலிருந்து வந்த கல்சியமே.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை இதன் அறிகுறிகள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, சோர்வு, பிறகு தடுமாற்றமான பேச்சு, ஓயாத தூக்கம். தாகத்தைக் கண்டால் சீனி வருத்தம் என்போம். தூக்கத்தைக் கண்டால் நோயின் களைப்பு என்று விட்டுவிடுவோம். ஆனால் ஒரு குருதிப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும். வைத்தியசாலையில் நாளத்தினூடாகச் சேலைன் ஏற்றுவார்கள். எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்தும் கொடுப்பார்கள். சில நாட்களில் கல்சியம் இறங்கி, நோயாளி தெளிவடையலாம். இந்நிலை பெரும்பாலும் நோய் முற்றிய பின்பே வருவதால், கட்டிக்கான சிகிச்சையும் தேவை. ஆயினும் குடும்பத்தாரை அடையாளம் கண்டு பேசும் தெளிவு திரும்புவது சிறிய விடயமல்ல.

எனவே வீட்டில் புற்றுநோயோடு போராடும் மூத்தம்மாவோ அப்பாவோ திடீரெனத் தடுமாறினால், “எல்லாம் முடிந்துவிட்டது” என்று எண்ணாதீர்கள். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று, “கல்சியம் பார்த்தீர்களா?” என்று வைத்தியரிடம் கேளுங்கள். நோயைத் தந்த இறைவன் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான். அதைத் தேடிச் செல்வது நம் கடமை.