தூக்கப்பை சூடு தருவதில்லை

கேரித் தீவில் வளர்ந்தவர்களுக்குக் குளிர் என்றால், மழை பெய்த இரவில் மின்விசிறியை ஓர் எண் குறைத்து வைப்பதுதான். கடல் மட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, விடியற்காலை வெப்பநிலைகூட பெரும்பாலும் 25 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். இப்படிப்பட்ட ஊரிலிருந்து முதுகுப்பையோடு மலைக்குக் கிளம்பும் நீங்கள், தூக்கப்பை வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவீர்கள்? இலேசாக இருக்க வேண்டும், உள்ளே புரண்டு படுக்க இடம் வேண்டும், குளிரக் கூடாது. இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை.

முதலில் போகும் இடத்தின் குளிரைக் கணக்கிடுங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். நம் 25 பாகையிலிருந்து தொடங்கினால், சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் இரவில் 16 பாகை. கினபாலு மலையில் 3,272 மீட்டரிலுள்ள பானலாபானில் 4 பாகை. நேபாளத்தின் எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். அங்கே சுழியத்துக்குக் கீழே 10 பாகை. இது தோராயக் கணக்கு. நேபாளம் நமக்கு வெகு வடக்கே இருப்பதால் குளிர்காலத்தில் இன்னும் இறங்கும். 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்களான எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் இந்த வெப்ப நாட்டிலிருந்து போனவர்களே. குளிரை அறிந்து தயாரானால் நாமும் மலைக்குப் போகலாம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

தூக்கப்பைக்குள் அடுப்பு எதுவும் இல்லை. உறங்கும் மனித உடல் ஏறத்தாழ 70 முதல் 80 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அது வெளியேறும் வேகத்தைக் குறைப்பதுதான் பையின் வேலை. அதைச் செய்வது அசையாத காற்று. காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். ஆனால் அது ஓடாமல் இருக்க வேண்டும்.

வாத்து, பெருவாத்து ஆகியவற்றின் இறகுகளுக்கு அடியில் இருக்கும் மென்மையான தூவி, காற்றைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரன். அதற்கு இறகைப் போல் நீண்ட நடுத்தண்டு கிடையாது. நுண்ணிய இழைகள் எல்லாத் திசையிலும் விரியும். வாடைக்காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில் அரசியின் படுக்கைக்கு அன்னத்தின் தூவி இடப்பட்டதைப் படித்திருப்பீர்கள்.

எடையைக் கணக்கிடுவோம்

பையின் சீட்டில் ‘ஃபில் பவர்’ என்று 600, 800 போன்ற எண்கள் இருக்கும். ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி, எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கும் என்பதே அந்த எண். 600 என்றால் சுமார் 9.8 லிட்டர்; 800 என்றால் 13.1 லிட்டர். 800 எண் தூவி 400 கிராம் தரும் உப்பலை, 600 எண் தூவியில் பெற 533 கிராம் வேண்டும். 133 கிராம் எடை மிச்சத்துக்காக எவ்வளவு ரிங்கிட் கூடுதலாகத் தரலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எண் பெரிதாக இருந்து தூவியின் அளவு குறைவாக இருந்தால் பை கதகதப்பாக இருக்காது. எனவே இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

விசாலத்தின் விலை

பையை ஓர் உருளையாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 150 சென்டிமீட்டரிலிருந்து 165 ஆனால், வெப்பம் வெளியேறும் பக்கப் பரப்பு 10 விழுக்காடு கூடும். துணியும் தூவியும் அதே அளவு கூட வேண்டும். உள்ளே இருக்கும் இடமோ 21 விழுக்காடு கூடும். நீங்கள் புரளும்போதெல்லாம் அந்தக் காற்று கழுத்து வழியாக வெளியேறி, குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஆகவே அகலமான பையில் கழுத்தைச் சுற்றிக் காற்றை அடைக்கும் பட்டை கட்டாயம்.

அதற்காக இறுக்கமான பையும் வேண்டாம். முழங்கையும் முழங்காலும் துணியை அழுத்தும் இடத்தில் தூவி நசுங்கும், அங்கேதான் குளிரும். கடையிலேயே பைக்குள் படுத்துக் கைகளை மார்பில் கட்டி, முழங்காலை மடக்கிப் பாருங்கள். துணி விறைத்தால் பை சிறியது. முதுகுக்கு அடியில் தூவி எப்படியும் நசுங்கும் என்பதால், கீழே ஒரு பாய்மெத்தை வேண்டும்.

சீட்டில் வெப்பநிலைகளும் இருக்கும். ஐஎஸ்ஓ 23537 தரப்படி ‘கம்ஃபர்ட்’ எண் சுகமாக உறங்குவதற்கானது. ‘லிமிட்’ உடலைச் சுருட்டிப் படுத்துச் சமாளிப்பதற்கானது. ‘எக்ஸ்ட்ரீம்’ உயிர் தப்புவதற்கானது. குளிருக்குப் பழகாத நாம் முதல் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

நம் ஊர் செய்யும் கெடுதல்

தூவிக்கு எதிரி ஈரம். நீர், காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த தூவி ஒட்டிக்கொண்டு உப்பலையும் இழக்கும். மழைக்காட்டில் முகாமிடுவோருக்குச் செயற்கை இழைப் பையே நல்லது.

நானே ஒரு தவறு செய்தேன். என் பையைச் சிறு உறைக்குள் அமுக்கி, இரண்டு ஆண்டுகள் அலமாரி மேல் வைத்திருந்தேன். மலைக்குப் போய்ப் பிரித்தபோது கோணிப்பைபோல் தட்டையாகக் கிடந்தது. அன்றிரவு இருந்த உடைகளையெல்லாம் போட்டுக்கொண்டும் நடுக்கம் நிற்கவில்லை. நடுக்கம் முற்றிப் பேச்சு குழறினால் அது உயிருக்கே ஆபத்து. பையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். துவைத்தால் டோபிக் கடை உலர்த்தியில் குறைந்த சூட்டில், இரண்டு டென்னிஸ் பந்துகளோடு, கட்டிகள் உடையும்வரை உலர்த்துங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று போதும். ஒரே அளவுள்ள மூன்று போத்தல்களில் 60 பாகை வெந்நீரைச் சம அளவு ஊற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் 30 கிராம் பஞ்சு. முதல் போத்தலைச் சுற்றிப் பஞ்சை உப்பலாக வையுங்கள். இரண்டாவதில் ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுங்கள். மூன்றாவதில் நனைத்துப் பிழிந்து சுற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து, அரை மணி நேரத்துக்குப் பின் வரைபடம் வரையுங்கள்.

மூன்று கோடுகளில் எது வேகமாக இறங்குகிறது என்று பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.