முட்டைக்கோசில் புழு: மருந்துக்கு முன் மண்ணையும் கடுகையும் கவனியுங்கள்

ஓசூர், பாகலூர், தளி வட்டாரங்கள் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பதால் முட்டைக்கோசு அங்கே நன்கு விளைகிறது. பெங்களூர்ச் சந்தையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கோசில் ஓட்டை தெரிந்தால் வியாபாரி விலையைக் குறைத்துத்தான் கேட்பார். அந்தப் பயத்தில், புழு இருக்கிறதோ இல்லையோ, நாள் கணக்கு வைத்து மருந்தடிக்கும் பழக்கம் பலரிடம் வந்துவிட்டது. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் போய்விடுவதால் தெளிப்புக் கூலியும் குறைவில்லை. செலவு ஏறுகிறதே தவிர புழு ஒழிவதில்லை.

இந்தப் புழு வைரமுதுகுப் பூச்சியின் புழு. அந்துப்பூச்சி இறகை மடக்கி உட்காரும்போது முதுகில் வைர வடிவம் வரிசையாகத் தெரியும். சிறிய பச்சைப் புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்னும். மேல்தோல் மட்டும் கண்ணாடி போல நிற்கும். விரலால் தொட்டால் துள்ளி, நூல் விட்டுத் தொங்கும். இதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக மாற நம் தட்பவெப்பத்தில் சுமார் மூன்று வாரம் போதும். ஆகவே ஆண்டுக்குப் பன்னிரண்டு தலைமுறைக்கு மேல் பெருகுகிறது.

மருந்து ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு தெளிப்பிலும் மருந்தைத் தாங்கும் சில புழுக்கள் தப்புகின்றன. அடுத்த தலைமுறை அவற்றின் வாரிசு. 1953-ஆம் ஆண்டிலேயே, ஜாவாத் தீவில் இந்தப் பூச்சி டி.டி.டி. மருந்துக்கு அசையாமல் நின்றது பதிவாகியுள்ளது. அதன் பிறகு வந்த மருந்துகள் பலவற்றுக்கும் அதே கதிதான். இதற்கிடையே புழுவை அழிக்கும் சிறு குளவிகளும் மருந்தில் சாகின்றன. கடையில் இரண்டு மருந்தைக் கலந்து கொடுத்தால் வாங்கி அடிப்பது இந்தக் கேட்டை இன்னும் விரைவுபடுத்தும்.

மண்ணுக்கும் புழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. யூரியா மிகுந்தால் இலை கரும்பச்சையாகி மெதுவாகிவிடும்; சாற்றில் கரைந்த தழைச்சத்து கூடும். அப்படிப்பட்ட செடியைத் தேடி அந்துப்பூச்சி முட்டையிடும், புழுவும் வேகமாக வளரும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் சுமார் 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. தேவைக்கு மேல் ஒரு மூட்டை போட்டவர் பூச்சிக்கு விருந்து வைத்தவர் ஆகிறார். தழைச்சத்தை அடியுரமாகப் பாதியும், நட்ட 30 முதல் 45 நாளுக்குள் மண் அணைக்கும்போது மீதியும் பிரித்து இடுவது நல்லது. நம் செம்மண்ணில் மக்குச்சத்து குறைவு. மக்கிய தொழுஉரம் இல்லாமல் யூரியாவை மட்டும் கொட்டினால் பெரும்பகுதி நீரோடு கீழே இறங்கிவிடும்.

அளவு தெரிய மண் பரிசோதனை வேண்டும். மண் எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வயலில் வளைந்து வளைந்து நடந்து 10, 15 இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் ஆறு அங்குலக் குழி வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவை கூடாது. எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, இவ்வாறே அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தி அனுப்பலாம்.

தென்பெண்ணை நீரைப் பாய்ச்சுகிறவர்கள் தண்ணீரையும் பரிசோதிக்க வேண்டும். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஓசூர்க்காரர்கள் அறிவார்கள். கழிவுநீரில் தழைச்சத்தும் உப்பும் கலந்தே வரும். அதைக் கணக்கில் சேர்க்காமல் முழு அளவு யூரியா இடுவது இரட்டிப்பு உரம்.

இனி கடுகு. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட முறை இது. முட்டைக்கோசை விடக் கடுகின் வாசனை அந்துப்பூச்சியை அதிகம் இழுக்கும். ஆகவே 25 வரிசை கோசுக்கு ஒருமுறை இரண்டு வரிசை கடுகு விதைக்க வேண்டும். அவற்றில் முதல் வரிசையைக் கோசு நடுவதற்கு 15 நாள் முன்பும், அடுத்ததை நட்ட 25-ஆம் நாளும் விதைக்க வேண்டும். முதல் கடுகு முற்றும்போது இரண்டாவது தளிராக நிற்கும் என்பதே காரணம். வயலின் இரு ஓரங்களிலும் கடுகு இருப்பது அவசியம். அசுவினியும் கடுகுக்கே போகும்.

"அந்த இடத்திலும் கோசு நட்டால் வருமானமாச்சே" என்று சிலர் சொல்வதுண்டு. ஒரு தெளிப்பின் மருந்து விலையையும் கூலியையும் எழுதிப் பார்த்தால் கணக்கு விளங்கும். ஆனால் கடுகை விதைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது; அப்படி விட்டால் அதுவே புழுவுக்கு நாற்றங்கால் ஆகிவிடும். கடுகின் மேல் அடிக்க முன்பு சொல்லப்பட்ட டைகுளோர்வாஸ் 2020-ஆம் ஆண்டு முடிவோடு தடை செய்யப்பட்டது. பதிலாக வேப்பங்கொட்டைச் சாறு போதும். ஐந்து கிலோ பருப்பை இடித்துப் பத்து லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, 200 கிராம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக்க வேண்டும். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். கோசுச் செடிக்கு இரண்டு புழு என்ற அளவு தாண்டினால் மட்டும் கோசின் மேலும் தெளிக்கலாம், அல்லது பாசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தைப் பயன்படுத்தலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மல்பெரித் தோட்டங்கள் நிறைய. இந்த நுண்ணுயிரே 1901-இல் ஜப்பானில் நோயுற்ற பட்டுப்புழுவில்தான் முதலில் கண்டறியப்பட்டது. மல்பெரி இலையில் பட்டால் பட்டுப்புழு மடிந்துபோகும். வேப்பங்கொட்டைச் சாறும் அதற்கு ஆகாது. பக்கத்து நிலத்தில் மல்பெரி இருந்தால், அவரிடம் சொல்லிவிட்டு, காற்று அந்தப் பக்கம் வீசாத மாலையில் தெளிக்க வேண்டும்.

அறுவடை முடிந்ததும் கோசின் அடித்தட்டைகளை நிற்க விடாமல் உழுதுவிட்டு, அடுத்த போகத்துக்குக் கேழ்வரகோ அவரையோ போடலாம். இவற்றை வைரமுதுகுப் பூச்சி தொடாது.