ரயிலுக்கு ஓடுகிறவர்கள் கவனத்துக்கு!

விடியற்காலையில் கே.ஜி.கண்டிகையில் பஸ் ஏறி, திருத்தணியில் சென்னை மின்சார ரயிலைப் பிடிப்பவரா நீங்கள்? வெறும் வயிற்றில் டீ, வடையோடு பொழுதைத் தள்ளாதீர்கள்.

● இரவு அடுப்பை அணைக்கும் முன்பே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வையுங்கள். காலையில் மோர், உப்பு விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க ஐந்து நிமிடம் போதும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்தான்.

● டிபன் பாக்ஸில் சோறு பாதி, பொரியலும் கூட்டும் பாதி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் சாப்பிடச் சொல்கிறது.

● பையில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, ஒரு கொய்யா இருக்கட்டும். வண்டி தாமதமானாலும் பஜ்ஜி பக்கம் கை போகாது.

● சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும்.

● வார விடுமுறையில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து வைத்தால் அவசர நாளில் கைகொடுக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். நாளைக் காலை கூழில் ஆரம்பியுங்கள். மற்றவை தானாக வரும்.