தாடைச் சதை தொங்குகிறது... ஃபேஸ்லிஃப்ட் செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. சர்க்கரைக்காக நடைப்பயிற்சி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று இருந்து இரண்டு வருடத்தில் 14 கிலோ குறைத்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது, முகம்தான் வாடிவிட்டது. தாடையோரம் சதை தொங்குகிறது, கழுத்தில் தோல் வார் வாராக நிற்கிறது. இன்னும் ஏழு வாரத்தில் மகள் கல்யாணம். வேளச்சேரியில் ஒரு அழகு சிகிச்சை நிலையத்தில், "ஒரு மணி நேரத்தில் நூல் போட்டுவிடலாம், மறுநாளே வெளியே போகலாம்" என்கிறார்கள். உறவுக்காரப் பெண்ணோ ஆபரேஷன்தான் நிலைக்கும் என்கிறாள். கணவர், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்கிறார். பி.பி., சர்க்கரை மாத்திரைகளோடு தினமும் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன். நான் என்ன செய்யலாம்? தழும்பு தெரியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேற்குத் தாம்பரம்

பதில் (பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர்):

முதலில் தேதி விஷயத்தை முடித்துவிடுவோம். கல்யாணத்துக்கு முன் ஆபரேஷன் வேண்டாம். உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்பிரின் மூன்றையும் சரிபார்க்கவே இரண்டு மூன்று வாரம் போய்விடும். ஆபரேஷனுக்குப் பிறகு கடைத்தெருவுக்குப் போகும் முகம் வர மூன்று வாரம் ஆகும். வீடியோக்காரர் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் முகம் வர மூன்று மாதம் ஆகும். வீக்கமும் மரத்துப்போன கன்னமுமாக மணமேடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. கல்யாணம் நல்லபடியாக முடியட்டும்.

இனி, எதற்கு எது சரி என்று பார்ப்போம்.

நூல், ஊசி, கத்தி

நெற்றிச் சுருக்கம், கண்ணோரக் கோடுகள் ஆகியவை தசை சுருங்குவதால் வருபவை. இவற்றுக்கு போடாக்ஸ் ஊசி போதும். மூன்று நான்கு மாதம் நிற்கும். கன்னம் ஒட்டிப் பள்ளமானால் ஃபில்லர் ஊசியோ, வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்த உங்கள் சொந்தக் கொழுப்போ அதை நிரப்பும். ஃபில்லர் தவறிப்போய் ரத்தக்குழாய்க்குள் ஏறினால் தோல் கருகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். அதனால் 'வெறும் ஊசிதானே' என்று அழகு நிலைய நாற்காலியில் உட்கார்ந்துவிடக் கூடாது.

நூல் போடுவது லேசான தளர்ச்சிக்கு மட்டும்தான். தோலுக்கடியில் செருகும் இந்த நூல்கள் சில மாதங்களில் கரைந்துவிடும்; தூக்கிய சதையும் ஏறக்குறைய ஒரு வருடத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். 14 கிலோ குறைத்தவருக்கு மிஞ்சி நிற்கும் தோலை நூல் எங்கே கொண்டுபோய் வைக்கும்? ஒரே இடத்தில் சுருக்கிக்கொண்டு குழி விழும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தக் காசு வீண்.

தாடையும் கழுத்தும் தளர்ந்தவர்களுக்கு ஃபேஸ்லிஃப்ட்தான் பதில். அதிலும் வகைகள் உண்டு. காதுக்கு முன்னால் சிறு வெட்டோடு முடிவது மினி லிஃப்ட். நாற்பதுகளில் தாடைக்கோடு மங்கத் தொடங்கியவர்களுக்கு ஏற்றது, கழுத்துக்குப் பெரிதாக உதவாது. முழு ஃபேஸ்லிஃப்டில் வெட்டு கன்னப்பொட்டில் தொடங்கி, காதின் முன்புறமாக இறங்கி, காது மடலைச் சுற்றிப் பின்பக்கத் தலைமுடிக்குள் போய் முடியும். அந்தக் காலத்தில் தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். காற்றில் நிற்கிறவர் மாதிரி முகம் விறைத்திருக்கும், சீக்கிரமே தளர்ந்தும் விடும். தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் முகத்தசைகளைப் போர்த்தியபடி 'ஸ்மாஸ்' என்ற உறுதியான படலம் இருப்பதை மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு ஃபிரெஞ்சு மருத்துவர்கள் 1976-ல் விவரித்தார்கள். இப்போது பாரத்தை அந்தப் படலத்தின் மேல் போட்டுத் தூக்கிவிட்டு, தோலை இழுக்காமல் படியவிட்டுத் தைக்கிறோம். படலத்துக்கும் கீழே போய் மொத்தமாக நகர்த்துவது 'டீப் பிளேன்' முறை. இதில் எது உயர்ந்தது என்று எங்களுக்குள்ளேயே வாதம் ஓயவில்லை. உங்கள் மருத்துவர் எதில் கை தேர்ந்தவரோ அதுவே உங்களுக்கு நல்லது. கழுத்து வார்களுக்கு முகவாய்க்குக் கீழே சிறு வெட்டு போட்டு, பிரிந்து நிற்கும் கழுத்துத் தசையைச் சேர்த்துத் தைப்போம்.

மங்கு, கரும்புள்ளி, கண் கருவளையம், உதட்டுக்கு மேல் உள்ள நுண்கோடுகள் எதுவும் ஃபேஸ்லிஃப்டில் போகாது. மூக்கோரத்திலிருந்து இறங்கும் மடிப்பு குறையும், மறையாது. பலன் ஏழு முதல் பத்து வருடம் வரை நிற்கும். ஆனால் உங்கள் எடை மறுபடி ஏறி இறங்கினால் இந்தக் கணக்கு பொய்க்கும். எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகு வாருங்கள்.

சடை போட்டுக்கொண்டு வாருங்கள்

தழும்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுப் புத்தகங்கள், 'தலைமுடி விழுந்து மறைத்துவிடும்' என்று எழுதும். நம் ஊரில் அறுபதை நெருங்கும் பெண்கள் எத்தனை பேர் முடியை விரித்துப் போடுகிறார்கள்? எண்ணெய் வைத்து வாரி, இழுத்துச் சடை பின்னி, பூ வைத்தால் காதின் முன்னும் பின்னும் பளிச்சென்று தெரியும். அதனால் முதல் ஆலோசனைக்கு வரும்போதே, தினமும் போடும் சடையோ கொண்டையோ போட்டுக்கொண்டு, போடுகிற தோடும் மாட்டலும் அணிந்து வாருங்கள். கோடு எங்கே மறையும், எங்கே மறையாது என்று கண்ணாடியில் காட்டச் சொல்லுங்கள். ஜிமிக்கி கனத்தில் காது மடல் ஏற்கெனவே தொங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். தையல் மடலைக் கீழே இழுத்துவிட்டால் காது கன்னத்தோடு ஒட்டினாற்போல் ஆகிவிடும். அனுபவமில்லாத கையை அந்த இடத்தில்தான் கண்டுபிடிக்கலாம்.

மாநிறத் தோலில் வெட்டுக்கோடு கறுப்பதும் தடிப்பதும் வெள்ளைத் தோலைவிட அதிகம். உங்களுக்கோ ரத்த உறவினருக்கோ காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு கட்டியாகத் தடித்திருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலைத் தவிர்த்துத் தேதி வையுங்கள். சன்ஸ்கிரீனைப் பல மாதம் தவறாமல் பூச வேண்டும். கோடு வெளிறி அடங்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

முதல் ராத்திரிதான் முக்கியம்

ஆபரேஷன் மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடக்கும். முழு மயக்கம் தரலாம். அல்லது உறக்க மருந்தோடு அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கலாம். பெரும்பாலோர், "வலியைவிட இறுக்கம்தான் தாங்கவில்லை" என்பார்கள். தலையை உயர்த்தியே படுக்க வேண்டும். ரத்தநீர் வடிய வைக்கும் குழாய் ஓரிரு நாளில் வெளியே வந்துவிடும். மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்தில் இருக்கும். கண்ணாடியைப் பார்த்து, 'ஏன் செய்துகொண்டோம்' என்று அழுபவர்கள் உண்டு. அன்றைக்கு எதையும் முடிவு செய்யாதீர்கள். முன்பக்கத் தையல் ஒரு வாரத்திலும் பின்பக்கத் தையல் இரண்டு வாரத்துக்குள்ளும் பிரிக்கப்படும். முதல் வாரம் இட்லி, ரசம் சாதம் போன்றவை போதும், முறுக்கு பிறகு. காது மடலும் கன்னமும் சில மாதம் மரத்திருக்கலாம். கம்மல் குத்தினாலும் தெரியாது, ஹேர் டிரையர் சுட்டாலும் தெரியாது, கவனம் தேவை. ஜிமிக்கியும் தலைச்சாயமும் ஆறு வாரத்துக்குப் பிறகுதான்.

ஆபத்துகளில் முதலிடம், தோலுக்கடியில் ரத்தம் கட்டிக்கொள்வதற்கு. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும். ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கும் ஆண்களுக்கும் அதிகம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வலித்து வீங்கினால் தாமதிக்காமல் மறுபடி தியேட்டருக்குள் கொண்டுபோய் ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். அதனால் அன்று ராத்திரி மருத்துவமனையிலேயே இருங்கள். வீட்டுக்குப் போய்விட்டால், விடுமுறைக்கு முந்தின இரவு நெரிசலில் மருத்துவமனைக்குத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். முகநரம்பு பாதித்து வாய் ஒரு பக்கம் கோணுவதும் உண்டு. பெரும்பாலும் தற்காலிகம்தான், நிரந்தரமாவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. புகை, புகையிலை போடுபவர்களுக்குக் காதுக்குப் பின்னால் தோல் அழுகும் அபாயம் உண்டு. முன்னும் பின்னும் நான்கு வாரமாவது அறவே கூடாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1சி.) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நான் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவேன். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த இதய மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

எங்கே, யாரிடம்?

2024 ஏப்ரலில், உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பம்மலில், உடல் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு வந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அரசு விசாரித்தது, அந்தத் தனியார் மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. அது வேறு வகை ஆபரேஷன். ஆனாலும் நோயில்லாமல் விரும்பிச் செய்துகொள்ளும் எந்த ஆபரேஷனுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். மயக்க மருந்து நிபுணர் முழு நேரமும் கூட இருப்பாரா? தீவிர சிகிச்சைப் பிரிவும் வென்டிலேட்டரும் அதே கட்டடத்தில் இருக்கின்றனவா? ராத்திரி இரண்டு மணிக்கு அழைத்தால் யார் வருவார்?

மருத்துவரின் பட்டம் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். அல்லது டி.என்.பி. என்று இருக்க வேண்டும். பெயரையும் பதிவு எண்ணையும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். பட்டறைகளிலும் யூடியூபிலும் பார்த்தது அழகு சிகிச்சை செய்யப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே எச்சரித்திருக்கிறது. உங்கள் மருத்துவர் செய்த ஃபேஸ்லிஃப்ட் படங்களைக் கேளுங்கள். நம் நிறத்தவர்களின் படங்களாக, ஒரு வருடம் கழித்து எடுத்தவையாக இருக்கட்டும்.

செலவு லட்சக்கணக்கில் ஆகும். அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. மறு ஆபரேஷன் தேவைப்பட்டால் அந்தச் செலவு யாருடையது என்பது உட்பட மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை

'இதெல்லாம் எதுக்கு?' என்று கேட்பவருக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போனால், செங்கல்பட்டுப் பக்கம் திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் நிறுவனம் இயங்குகிறது. சீரமைப்பு அறுவை சிகிச்சையும் அங்கே உண்டு. தொழுநோய் குணமான பிறகும் சிலருக்கு முகத்தோல் முன்கூட்டியே சுருங்கித் தொங்கிவிடும், புருவம் உதிர்ந்திருக்கும். கிருமி போய்விட்டது, ஆனால் முகத்தைப் பார்த்து யாரும் வேலை தரமாட்டார்கள். மும்பையின் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் ஆன்ட்டியா தொழுநோயாளிகளின் முகச் சீரமைப்பைப் பற்றி 1963-லேயே விரிவாக எழுதினார். தொங்கிய தோலை எடுத்துத் தூக்கித் தைப்பது அந்தச் சிகிச்சைகளில் ஒன்று. ஆக, இந்த ஆபரேஷன் சினிமாக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் தேவை தொழுநோயிலிருந்து மீண்டவர்களுடையது போல அவசரமானதல்ல என்பதும் உண்மைதான். உழைத்துக் குறைத்த உடம்புக்குப் பொருத்தமான முகம் வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. வயது 57 என்பது தடையும் இல்லை. மற்றவர்களின் வாயை மூடவோ, மணமேடைப் படத்துக்காகவோ என்றால் மட்டும் வேண்டாம்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆறுதலாக இருங்கள். அப்போதும் இதே எண்ணம் இருந்தால், சர்க்கரை ரிப்போர்ட்டும் இதய மருத்துவரின் கடிதமும் எடுத்துக்கொண்டு தகுதியான இரண்டு நிபுணர்களையாவது பாருங்கள். முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.